கடல்நீர்த் தொட்டியின் மணலைப் பேணுதல்

(மும்பையில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், படிப்பகக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

     

ஆண்டு விழா நெருங்கிக்கொண்டிருக்கிறது. மேடைக்கு வண்ணம் பூசுகிறார்கள். நாற்காலிகளைப் பழுது பார்க்கிறார்கள். படிப்பகத்து நூல்களுக்குப் புதிய உறை போடுகிறார்கள். இவ்வேளையில், படிப்பகத்தின் சன்னலை அடுத்துள்ள கடல்நீர்த் தொட்டியின் மணலையும் வெளியே அள்ளி, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, வெள்ளை வெளேரென்று திரும்பப் பரப்பிவிட வேண்டுமென்று சென்ற கூட்டத்தில் ஒரு கருத்துக் கூறப்பட்டது. "நாள்தோறும் வாசல் தெளித்துக் கோலமிடும் எங்களுக்கு ஒரு சட்டி மணலைக் கழுவத் தெரியாதா?" என்று மகளிர் பகுதியிலிருந்து ஒரு வினாவும் எழுந்தது. மற்றொரு சாரார், மணலே வேண்டாம், அடிக்கண்ணாடியை வெறுமையாக விட்டுவிட்டால் துடைப்பது எளிது என்றனர். இரண்டு கருத்துக்களும் நன்மை கருதிக் கூறப்பட்டவையே. எனினும், இவற்றுள் முதலாவதைச் செய்தால் விழா நாளன்று தொட்டியில் வெண்மணல் மிஞ்சும். மீன்கள் மிஞ்சுமா என்பது ஐயம். ஆதலின்தான் இன்று இங்குப் பேச அனுமதி கேட்டோம்.

முதலில் தொட்டியின் அளவைச் சொல்லிவிடுகிறோம். நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 45, உயரம் 50. பாறைக்கற்களும் மணலும் அடைத்துக்கொண்ட இடம் போக, ஏறத்தாழ 220 லிட்டர் நீர் அதில் நிற்கிறது. அடியிலே 3 சென்டிமீட்டர் உயரத்திற்கு மணல். எடை 25 கிலோ அளவில் இருக்கும். இரண்டு கோமாளி மீன்கள், ஓர் உழுவை மீன், பத்துப் பன்னிரண்டு மணல் நத்தைகள் ஆகியவை அங்குக் குடியிருக்கின்றன. கோமாளி மீன்கள் கடலிற் பிடிக்கப்பட்டவை அல்ல, வளர்ப்பகத்திற் பிறந்தவை. நம் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இவ்வினத்தைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை வகுத்துள்ளனர் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தருவது. நன்கு பேணினால் கோமாளி மீன் 20 ஆண்டுக்கு மேலும் உயிர்வாழும். இன்று தொட்டியருகே நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தை, கல்லூரிப் படிப்பை முடிக்கும்வரை அதே மீனைப் பார்க்கலாம். அத்தகைய உயிர்களை ஓர் அரைநாள் சுத்தத்தின் பொருட்டு இழப்பது முறையாகுமா?

கடல்நீரைக் கண்ணாடிக்குள் அடைத்து உயிர்களை வளர்க்கும் கலை அத்துணைப் பழமையானதன்று. 1853-இல் இலண்டன் மாநகரின் விலங்குக் காட்சிசாலையில் முதன்முதலாகப் பொதுமக்களுக்கென ஒரு மீன் இல்லம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிலிப் ஹென்றி காஸ் என்னும் இயற்கை நூலறிஞர் 'அக்வேரியம்' என்னும் பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டார். அப்பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. நம் நாட்டில் 1909-இல் சென்னை மெரினாக் கடற்கரையில் ஒரு மீன் காட்சிசாலை ஏற்பட்டது. நாம் குடியேறியுள்ள இம்மும்பையில் தாராபூர்வாலா மீன் காட்சிசாலை 1951-இல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. மரீன் டிரைவில் அதைக் காணத் தந்தையின் கைபற்றிச் சென்றவர்கள் இவ்வவையில் பலர் இருப்பீர்கள்.

இனி மணலுக்கு வருவோம்.

மணல் என்றால் நமக்குத் தரை. தரை என்றால் பெருக்க வேண்டிய இடம். கடல்நீர்த் தொட்டியில் அது தரையாக மட்டும் இருப்பதில்லை. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் தொட்டியின் மணல் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள உருண்டைகள் என்று வைத்துக்கொண்டால், 16 லிட்டர் மணலில் ஒன்றேமுக்கால் கோடிக்கும் மேற்பட்ட மணிகள் இருக்கும். அவற்றின் மேற்பரப்பையெல்லாம் கூட்டினால் 58 சதுர மீட்டர், அதாவது 600 சதுர அடிக்குச் சற்று அதிகம். நம் காலனியில் ஒரு குடும்பம் தாத்தா பாட்டியோடு வாழும் வீட்டின் அளவு அது! (அதற்கு என்ன வாடகை என்று இங்கு எவரும் கேட்க வேண்டாம்.) அந்தப் பரப்பு முழுவதிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கின்றன. பாறைக்கற்களிலும் அவை உண்டு. எனினும் மணலில் வாழும் பங்கு சிறிதன்று.

அவை செய்யும் வேலை யாது? மீனின் கழிவும், உண்ணாது விழுந்த இரையும் அழுகி அம்மோனியாவாகின்றன. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அதிலும் கடல்நீர் காரத்தன்மை மிக்கதாதலின், நன்னீரைவிட இங்கு அதன் நச்சுத்தன்மை கூடுதல். ஒரு வகை நுண்ணுயிர் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டைப் பெருந்தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்விரண்டு வேலைகளையும் வெவ்வேறு உயிர்கள் செய்கின்றன என்பதை 1890-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் வினோகிராட்ஸ்கி என்னும் ருசிய அறிஞர் நிறுவினார். பிராணவாயு எட்டாத இடங்களிலோ வேறுவகை உயிர்கள் நைட்ரேட்டையும் சிதைத்து, நைட்ரஜன் வாயுவாக்கி வெளியே விட்டுவிடுகின்றன. ஆழமான மணற்படுகையின் இந்தப் பயனை எண்ணியே, 1980-களில் மொனாக்கோவில் ழான் ழோபேர் என்பார், அடியில் வெற்றிடம் விட்டு அதன்மேல் தடித்த மணலைப் பரப்பும் முறையை வகுத்தார். நம் தொட்டியின் மணல் மூன்று சென்டிமீட்டரே ஆகையால், நைட்ரேட்டைப் போக்கும் பொறுப்பை முழுதும் அதன் தலையில் ஏற்ற இயலாது. நீரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இப்பொழுது அந்த மணலை வாளியில் அள்ளிக் குழாய்த் தண்ணீரில் அலசினால் என்னவாகும்? மாநகராட்சி நீர் நாம் குடிப்பதற்காகக் குளோரின் கலந்து வருவது. நுண்ணுயிரைக் கொல்வதற்கென்றே அது கலக்கப்படுகிறது. அது தன் கடமையை நமது மணலிலும் தவறாது செய்துவிடும். போதாக்குறைக்கு, உப்புநீரில் வாழ்ந்த உயிர் திடீரென்று நன்னீரில் விழுந்தால் அதனாலும் மடியும். மணல் பளிங்குபோல் ஆகும், தொட்டிக்குள் போகும், மீன்கள் வழக்கம்போல் உண்ணும், கழிக்கும். ஆனால் அக்கழிவை ஏற்றுக்கொள்ளுவோரில் ஒரு பெரும்பகுதியினர் இல்லை. எஞ்சிய உயிர்கள் பெருகி ஈடுசெய்வதற்குள் இரண்டு மூன்று நாளில் அம்மோனியா ஏறத் தொடங்கும். சரியாக விழா நாளில் மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து நிற்பதை நம் விருந்தினர் காண நேரலாம்.

அப்படியானால் மணலைத் தொடவே கூடாதா என்று கேட்கலாம். அதுவும் தவறு. தொடாது விட்ட மணலில் அழுக்குச் சேரும். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட்டு உண்டு. மணலினடியில் அழுகும் பொருள் மிகுந்து, பிராணவாயு அற்றுப்போனால், சில உயிர்கள் அந்தச் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் வீசுவது அதுதான். கண்ணாடியோரத்தில் மணலினுள் கருநிறக் கோடு தெரிந்தால், அங்கு இரும்போடு சல்பைடு சேர்ந்து கறுத்திருக்கிறது என்று கொள்ளலாம். அவ்விடத்தைக் குச்சியால் கிளறிப் பார்க்கும் ஆவல் சிறுவர்க்கு எழுவது இயல்பே. ஆயினும், ஒரே மூச்சில் கிளறினால் அந்நஞ்சு நீரிற் கலக்கும். சிறிது சிறிதாக, நீரை வெளியேற்றிக்கொண்டே எடுக்க வேண்டும்.

மணலே வேண்டாம் என்போர் கூற்றை நாங்கள் இகழவில்லை. புதிதாக வாங்கிவந்த மீனைச் சில வாரம் தனித்து வைத்துப் பார்க்கும் தொட்டிக்கு வெறும் அடித்தளமே சிறந்தது. அழுக்கு ஓரிடத்தில் தெரியும், எடுத்துவிடலாம். அனுபவம் மிக்க பலர் வீட்டிலும் அவ்வாறே வைத்திருக்கின்றனர். ஆனால் நம் உழுவை மீன் மணலின்றி வாழும் பிறவியன்று. வாய் நிறைய மணலை அள்ளுகிறது; உள்ளிருக்கும் சிற்றுயிரை வடித்து உண்கிறது; மணலைச் செவுள் வழியே பொழிகிறது. பெயருக்கேற்ப நாள் முழுதும் அது உழுதுகொண்டிருப்பதைப் பார்க்கத்தானே நம் குழந்தைகள் மாலை ஆறு மணிக்குப் படிப்பகத்திற்கு ஓடிவருகிறார்கள்? அதனை வெறுங்கண்ணாடியின்மேல் விடுவது, உழவனைச் சிமெண்டுத் தரையில் நிறுத்துவதை ஒக்கும்.

இனிச் செய்முறை. இதனைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் இதுவரை ஓரிருவர் மட்டுமே அறிந்த வேலையாக இது இருந்துவருகிறது.

வாரம் ஒரு முறை 25 லிட்டர் நீரை மாற்றுவது நம் வழக்கம். அதற்கு வேண்டிய புதுநீரை முந்தின நாளே ஆயத்தம் செய்ய வேண்டும். ஆர்.ஓ. இயந்திரத்தில் வடித்த நீரில், லிட்டருக்கு 35 கிராம் வீதம் கடல் உப்புத்தூளைக் கலந்து, ஒரு சிறு பம்பினால் இரவு முழுதும் சுழலவிட வேண்டும். சமையல் உப்பு உதவாது. நீரின் அடர்த்தி 1.025 என்று காட்டிய பின்னரே தொட்டியில் ஊற்றலாம். பழைய நீரை வெளியேற்றும் அதே வேளையில் மணலையும் தூய்மை செய்துகொள்வது நலம். வேலை ஒன்று, பயன் இரண்டு.

மணற்பரப்பை மனத்தால் நான்கு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்திற்கு ஒரு பாகம். அதற்குமேல் தொட வேண்டா. அகன்ற வாயுடைய பிளாஸ்டிக் குழலை மெல்லிய ரப்பர் குழாயோடு பொருத்திய சைபன் கடைகளிற் கிடைக்கிறது. அகன்ற வாயை மணலிற் செருகினால், நீரோட்டத்தில் மணல் குழலுக்குள் எழும்பிக் கொதிப்பதுபோல் புரளும். அழுக்கு எடை குறைந்ததாதலின் மேலே ஏறி வாளிக்குப் போய்விடும். மணலும் ஏற முற்படும் கணத்தில் ரப்பர் குழாயை இரு விரலால் நெருக்கிப் பிடித்தால், மணல் மீண்டும் கீழே இறங்கும். பிறகு குழலைத் தூக்கி அடுத்த இடத்தில் செருக வேண்டும். நம் தாய்மார்கள் அரிசி களையும்போது, நீரை வடித்து அரிசியை நிறுத்தும் கைப்பக்குவம் இருக்கிறதே, முற்றிலும் அதே பக்குவம்தான் இது. ஆகவே, முன்னர்க் கேட்கப்பட்ட வினாவிற்கு எங்கள் விடை: உங்களுக்கு நன்றாகத் தெரியும், குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

மாவுபோன்ற நுண்மணலாயின் குழலைச் செருகக் கூடாது; மணலுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்து, படிந்ததை மட்டும் உறிஞ்ச வேண்டும். பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஆழமான படுகை வைத்திருப்போரும் மேற்பரப்பை மட்டுமே தொட வேண்டும். பாறைக்கல்லின் அடியிலுள்ள மணலைத் தோண்டினால் கல் சரியும், கண்ணாடி உடையும். சைபனை ஓடச்செய்ய வாயால் உறிஞ்சுவது அறவே கூடாது. குழலை நீரில் அமிழ்த்தி நிரப்பிக்கொண்டால் தானே ஓடும். தொட்டிக்குள் கையிடுமுன் மின்சாரப் பிளக்குகளைக் கழற்றுவதைச் சிறுவர்கள் பெரியவர்களிடம் விட்டுவிட வேண்டும். கையில் சோப்போ, முகப்பூச்சோ இருத்தல் ஆகாது.

மணலின் நிறத்தைக் கண்டு நோயறிதல் ஒரு சுவையான கலை. புதுத் தொட்டியில் சில வாரங்களுக்குள் காப்பிப்பொடி தூவினாற்போல் பழுப்புப் படர்வதுண்டு. அது டயாட்டம் என்னும் நுண்பாசி. நீரிலுள்ள சிலிக்கா குறையக் குறையப் பெரும்பாலும் தானே நீங்கும். சிவப்பும் ஊதாவும் கலந்து, வழவழப்பான ஆடைபோல் மூடி, குமிழிகள் தாங்கி நிற்பது நீலப்பச்சை நுண்ணுயிர். பெயர் நீலம், நிறம் சிவப்பு! இரை மிகுதியும் நீரோட்டக் குறைவும் உள்ள மூலைகளிலேயே அது பெரிதும் படரும். உறிஞ்சி எடுத்துவிட்டு, பம்பின் முகத்தை அம்மூலைக்குத் திருப்பினாலே பாதி குணமாகும். நம் தொட்டியில் இன்று காணப்படுவது முதல்வகைப் பழுப்பே. விழாவைக் கருதி அஞ்சத் தக்கதன்று.

எல்லாவற்றினும் முதன்மையானது இரை. மணலில் சேரும் அழுக்கிற் பெரும்பகுதி நம் கையிலிருந்தே விழுகிறது. மீன் கண்ணாடியருகே வந்து வாலாட்டினால் அதற்குப் பசி என்று நம் தமிழ் நெஞ்சம் உருகிவிடுகிறது; விருந்தோம்பிப் பழகிய இனம் அல்லவா! காலையில் ஒருவர் போட, நண்பகலில் மற்றொருவர் போட, மாலையில் குழந்தைகள் ஆளுக்கொரு சிட்டிகை போட்டால், உழுவை எவ்வளவு உழுதாலும் மணல் தாங்காது. இரண்டு நிமிடத்திற்குள் தின்று தீர்க்கும் அளவே அளவு.

மே மாதம் இதனினும் பெரிய சோதனை. பள்ளி விடுமுறை விட்டதும் காலனியே காலியாகிறது. மதுரைக்கும், நெல்லைக்கும், தஞ்சைக்கும், கோவைக்கும் இரயில் ஏறிவிடுகிறோம். தொட்டியை வாயிற்காவலர் அன்பரிடம் ஒப்படைத்து, இரை டப்பாவையும் முழுதாகக் கொடுத்துவிட்டுப் போனால், அவர் தம் அன்பினாலேயே அதைப் பதினைந்து நாளில் தீர்த்துவிடுவார். அவர்மீது குற்றமில்லை. வளர்ந்த, உடல்நலமுள்ள கோமாளி மீன் சில நாள் இரையின்றி இருக்கவல்லது. பட்டினியால் வரும் கேட்டைவிட அழுகிய இரையால் வரும் கேடு விரைவானது. ஆகையால் வரும் விடுமுறைக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பொட்டலமாக மடித்து, தேதி எழுதி, டப்பாவைப் பூட்டி வைக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும்.

தூய்மைப் பணியில் நமக்கு உதவும் உயிர்களைப் பற்றியும் சில சொற்கள். மணல் நத்தைகள் பகலெல்லாம் புதைந்து கிடக்கும். இரையின் மணம் நீரிற் பரவியவுடன், யானை துதிக்கையை உயர்த்தினாற்போல் ஒரு குழலை நீட்டிக்கொண்டு எல்லாத் திசையிலிருந்தும் எழும். விழுந்த இரையை உண்பதோடு, புகுந்தும் எழுந்தும் மணலின் மேற்பகுதியைப் புரட்டித் தருகின்றன. உழுவையோ தொட்டியிலுள்ள சிற்றுயிர்களைத் தீர்த்தபின் மெலியக்கூடியது. அதற்கென்று தனியே இரை தர வேண்டும்; துள்ளி வெளியே விழாதபடி மூடியும் வேண்டும்.

கடல் அட்டை வாங்கி விட்டால் மணல் தானே தூய்மையாகுமே என்று இராமநாதபுரத்து நண்பர் ஒருவர் கேட்டார். மன்னார் வளைகுடாவில் அட்டையைக் கண்டு வளர்ந்தவர் அவர். அவர் கூறுவதில் உண்மை உண்டு. மண்புழு மண்ணை விழுங்கி உமிழ்ந்து நிலத்தைப் பண்படுத்துவதை டார்வின் 1881-இல் ஒரு தனிநூலாகவே எழுதினார். கடலடி மணலில் அட்டை செய்வதும் அத்தகைய தொண்டே: மணலை விழுங்கி, அதிலுள்ள கழிவை உண்டு, மணலைத் திரும்ப விடுகிறது. 1988-இல் தூத்துக்குடியில் அதன் குஞ்சுகளை உற்பத்தி செய்து காட்டியதும் நம் ஆராய்ச்சியாளர்களே. ஆயினும் 2001-இல் கடல் அட்டை இனங்கள் யாவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டன; கல்லாக வளரும் பவளங்களும் அவ்வாறே. எவரேனும் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து விற்றாலும் நாம் வாங்கலாகாது. பவளத்தை இடித்த மணல் என்று கூறி விற்பதையும், எங்கிருந்து வந்தது என்று கேளாமல் வாங்கக் கூடாது.

மணல் குறைந்தால் ஜூஹுவிலிருந்தோ சௌபாத்தியிலிருந்தோ ஒரு பை அள்ளிவரலாமே என்பாரும் உளர். பெருநகரின் சாக்கடையும் எண்ணெயும் கலக்கும் கரை அது, வேண்டா. கடையில் வாங்கும் மணலில் ஒரு சிட்டிகை எடுத்து, இரண்டு சொட்டுக் காடி விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்புச் சத்துள்ள மணல், நமக்கு ஏற்றது. ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் பருமன் போதும். அதனினும் பெருத்தால் இடுக்கில் இரை விழும். சிறுத்தால் பம்பின் நீரோட்டத்தில் பறக்கும். புதிய உலர்ந்த மணலைக் குழாய்த் தண்ணீரில் எத்தனை முறை வேண்டுமானாலும் அலசலாம். அதில் இன்னும் உயிர் குடியேறவில்லை.

விழாவிற்கு இன்னும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. மணற்பரப்பும் நான்கு பாகம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்குச் சன்னலோரப் பாகத்தில் தொடங்குகிறோம். விழாவுக்கு முந்தின ஞாயிறு கதவோரப் பாகம் முடியும். குழாயைப் பிடிக்க ஒருவர், வாளியைக் கவனிக்க ஒருவர், ஏட்டில் குறித்துக்கொள்ள ஒருவர் என மும்மூன்று பேராகப் பிரித்து, பெயர்ப்பட்டியலைப் படிப்பக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். இரண்டாம் ஞாயிற்றுக்கு இன்னும் ஓர் இடம் காலியாக உள்ளது. அரிசி களையத் தெரிந்த கை ஒன்று முன்வந்தால் நலம். பழைய துண்டு ஒன்றும் உடன் கொண்டுவர வேண்டுகிறோம், தரை நனையும்.